மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு

எங்கள் வீட்டில் கட்டுவதற்கு எல்லோரும் இருந்தார்கள். அவிழ்ப்பதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. படிப்பிலும் விளையாட்டிலும் பெரிதாகத் தேறாத ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு, நகம் நீளமாக இருக்கிறது என்ற ஒரே தகுதியை வைத்து வீடு ஒதுக்கிக் கொடுத்த வேலை அது. மழையில் நனைந்து இறுகிப்போன மாட்டுக் கயிறு என்னிடம் வரும். சந்தையிலிருந்து வந்த பையின் வாய்க்கட்டு வரும். அம்மாவின் உள்பாவாடை நாடா வாரத்துக்கு ஒருமுறையாவது வரும். தவிட்டு மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலை ஒரு முனையிலிருந்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் பிரிந்து வந்துவிடும், மறுமுனையில் இழுத்தால் இறுகிக்கொள்ளும். எந்த முனை என்று வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவாக இருந்தால் கத்தியைத் தேடுவார். அம்மா விடமாட்டாள். "அறுத்தா கவுறு போச்சு. அவுத்தா முடிச்சுத்தானுங்க போச்சு" என்பாள்.

இப்போது யோசித்தால், மனுஷ ஜென்மமே முடிச்சில்தான் ஓடுகிறது. பிறந்ததும் அரைஞாண் கயிறு. தூளி கட்ட ஒரு முடிச்சு. கல்யாணத்துக்கு மூன்று. செத்த பிறகு இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்து ஒன்று. நடுவில் கிடக்கிற நாளெல்லாம் மாட்டுக்கும் மூட்டைக்கும் போடுவதிலேயே போய்விடுகிறது. அதில் ஒரு முடிச்சை நான் அவிழ்த்த கதைதான் இது.

அன்னூர்ப் பக்கத்தில் தோட்டத்து வீடு எங்களுடையது. நாங்கள் நாலு பேர். அப்பா கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை பார்த்தார். காலையில் முதல் பஸ்ஸுக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். அம்மா இரண்டு மாடுகளையும் ஒரு ஏக்கர் சோளத்தையும் என்னையும் அப்பாருவையும் பார்த்துக்கொண்டாள். அப்பாரு என்றால் எங்கள் பக்கம் அப்பாவின் அப்பா.

நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அவருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் அவர் அதே கயிற்றுக் கட்டிலில்தான் கிடந்தார். பேச்சு போய்விட்டது. வலது கை மட்டும் பழைய தெம்போடு இருந்தது. ஒரு காலத்தில் அவர் வண்டியில் பாரம் கட்டினால் மேட்டுப்பாளையம் மண்டி போய்ச் சேரும்வரை ஒரு மூட்டை அசையாது என்று ஊரில் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட கைக்குக் கடைசியில் போர்வை நுனியை முடிவதும் அவிழ்ப்பதுமே வேலையாகிப் போனது.

அவருக்குத் தன்னால் நடக்க முடியாது என்பது மறந்துவிடும். எழப் பார்ப்பார், விழுவார். இரண்டாம் தடவை விழுந்தபோது ஆட்டுக்கல்லின் விளிம்பு பட்டு நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. யாராவது கூடவே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அந்த யாராவது யார் என்று அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதன் பிறகு அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டவோ காட்டுக்கோ போகும்போது, ஒரு பழைய வேட்டியைக் கிழித்து அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டில் சட்டத்தோடு கட்டிவிட்டுப் போவாள். வலிக்காமல் தளர்த்தியாகத்தான் கட்டுவாள். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் அவர் அவிழ்த்துவிடுவார்.

அடுத்த நாள் இரட்டை முடிச்சுப் போட்டாள், அதையும் அவிழ்த்தார். முடிச்சைக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய்ப் போட்டாள், வலது கை துழாவி அங்கேயும் வந்தது. வாய் பேசாத மாமனாருக்கும் பேச நேரமில்லாத மருமகளுக்கும் இடையில் மூன்று வருஷம் நடந்த பேச்சுவார்த்தை என்றால் அதுதான். அவர் தோற்றுப்போகும் நாட்களில் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை கட்டோடு கிடப்பார். என்னைப் பார்த்ததும் "அவ்… அவ்…" என்பார். பையைக்கூடக் கழற்றாமல் அவிழ்த்துவிடுவேன். விசித்திரம் என்னவென்றால், நான் அவிழ்த்துவிட்டால் அவர் எழப் பார்க்கமாட்டார். சரியாக இருக்கிற பாதி வாயால் சிரித்துவிட்டு அப்படியே படுத்திருப்பார். அம்மா வரும்வரை நான் கட்டில் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன்.

அம்மாவின் அலுப்பைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவளும் பேசமாட்டாள். நாளைக்கு நாலு தடவை துணி மாற்றி, அலசி, முதுகில் புண் வராமல் இருக்க அந்தக் கனமான உடம்பை ஒற்றை ஆளாகப் புரட்டி, கரண்டியால் கஞ்சி ஊட்டி, அதில் பாதி மார்பில் வழிய அதைத் துடைத்து, பிறகு மாட்டுக்குப் போவாள். பால் கறக்கும்போதே மாட்டின் வயிற்றில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவாள். அவள் விழிக்கும்வரை மாடு அசையாமல் நிற்கும். எங்கள் வீட்டில் அவளுடைய அலுப்பு புரிந்த ஜீவன் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

சொந்தக்காரர்கள் வருவார்கள். சாத்துக்குடியும் ரொட்டிப் பாக்கெட்டும் கட்டில் காலடியில் வைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். "நல்லா பாத்துக்கம்மணி" என்று சொல்லிவிட்டு, அம்மா போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள். பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒருவர்கூட ஒரு நாள் தங்கிப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால், மார்கழிக் கடைசியில், வீட்டை ஒழித்து வெள்ளை அடித்தார்கள். சாமிப் படங்கள் இருந்த பலகையைத் துடைக்கும் வேலை எனக்கு வந்தது. ரங்கநாதர் படத்துக்குப் பின்னால் கை விட்டபோது ஒரு சின்னத் துணி முடிச்சு அகப்பட்டது. மஞ்சளில் நனைத்துக் காய வைத்த வெள்ளைத் துணி, நெல்லிக்காய் அளவுக்கு இருந்தது. உள்ளே ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது.

அது என்ன என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. முடிச்சு ஒன்று கண்ணில் பட்டது, நகம் நீளமாக இருந்தது, அவ்வளவுதான். கணக்கு வாத்தியார் கேட்டால் ஒன்றும் வராத என் மூளை, அந்த முடிச்சைக் கண்டதும் வேலை செய்தது. இருபது எண்ணுவதற்குள் அவிழ்த்துவிட்டேன். உள்ளே ஒரு ஒற்றை ரூபாய் காசு மஞ்சள் ஏறிக் கிடந்தது. ஏமாற்றமாக இருந்தது. காசை வைத்துத் திரும்ப முடிந்து, படத்துக்குப் பின்னாலேயே போட்டுவிட்டு, பலகையைத் துடைத்து முடித்தேன்.

பொங்கலுக்கு அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், சத்தியமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அம்மாவின் தாலியில் மூன்றாவது முடிச்சைப் போட்டவள் அவள்தான். அந்த உரிமையை அவள் ஒருநாளும் மறந்ததில்லை, அம்மாவையும் மறக்க விட்டதில்லை. அத்தை உள்ளே வந்தபோது அம்மா மாட்டுக் கொட்டகையில் இருந்தாள். அப்பாரு கட்டோடு கிடந்தார்.

"ஏனம்மணி, எங்கப்பன கன்னுக்குட்டியாட்டம் கட்டிப்போட்டிருக்கறே?"

அம்மா சாணிக் கையோடு வந்து நின்றாள். "கட்டாட்டி உழுந்துபோடறாருங்க. ரண்டாந்தடவ மண்ட ஒடஞ்சுபோச்சுங்க."

"உழுந்தா எடுத்து உடறதுக்குத்தான நாமெல்லாம் இருக்கறோம்?" என்றாள் அத்தை. நாம் என்று அவள் யாரையெல்லாம் சேர்த்துச் சொன்னாள் என்பது தெரியவில்லை. அப்பா அந்த நேரம் பார்த்து வாசல் கூரையில் பொங்கல் காப்புக் கட்டுவதற்கு வேப்பிலையும் பூளைப்பூவும் பறிக்க வெளியே போய்விட்டார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமி கும்பிடப் போனாள். புதிதாகத் துடைத்த பலகையில் நான் படத்துக்குப் பின்னால் ஒழுங்காகத் தள்ளி வைக்காத மஞ்சள் துணி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதென்ன, யாருக்கு முடிஞ்சு வெச்சிருக்கறே?" என்று கேட்டாள்.

அம்மா விரலில் காய்ந்த சாணியைச் சுரண்டினாள். பிறகு, "மாமாவுக்கோசரந்தானுங்க" என்றாள்.

அத்தையின் முகம் அப்படியே மாறிவிட்டது. அம்மாவின் சாணிக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெற்ற மகள் எனக்குத் தோணலையே, வந்தவளுக்குத் தோணியிருக்கிறதே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அம்மா கையை உருவிக்கொள்ளவும் முடியாமல், தானும் அழ முடியாமல், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடக்கம் என்று அத்தை நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடும்போது அத்தை எனக்கு விளக்கினாள். ஒரு காரியம் நடக்க வேண்டும் என்றால் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமிக்கு வைக்க வேண்டும். காரியம் நடந்துவிட்டால் முடிச்சை அவிழ்த்துக் காசைக் கொண்டுபோய்க் கோயில் உண்டியலில் போட வேண்டும். நடக்காவிட்டால் அது அங்கேயேதான் கிடக்கும். "ஆனா நடக்கறதுக்கு முன்னால மட்டும் அவுக்கவே படாது கண்ணு. அவுத்தா கேட்டது அத்தனையும் போயிரும்" என்றாள்.

கடித்துக்கொண்டிருந்த கரும்பைக் கீழே வைத்துவிட்டுச் சாமிப் பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.

அன்று தொடங்கியது என் பாடு. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாருவின் கட்டை அவிழ்ப்பேன், பிறகு சாமிப் பலகைக்குப் போய் மஞ்சள் துணிக்கு இன்னொரு முடிச்சுப் போடுவேன். தப்பாக அவிழ்த்ததை இறுக்கிக் கட்டினால் சரியாகிவிடும் என்பது என் கணக்கு. துணியில் முனையே இல்லாமல் போன பிறகு, கிழித்த பாவாடை நாடாவைச் சுற்றி அதன் மேல் போட்டேன். பத்துப் பன்னிரண்டு நாளில் நெல்லிக்காய் எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது. நான் கட்டக் கட்ட அப்பாரு தேய்ந்துகொண்டே வந்தார். கஞ்சி இறங்கவில்லை. ஒருநாள் வந்து பார்க்கிறேன், அம்மா போட்ட ஒற்றை முடிச்சு காலையில் போட்டபடியே இருக்கிறது. வலது கை பக்கத்திலேயே கிடந்தது, தொடவில்லை. மறுநாளிலிருந்து அம்மா அவரைக் கட்டவே இல்லை. அந்த வேட்டித் துண்டைத் துவைத்து, மடித்து, கட்டில் கால்மாட்டில் வைத்துவிட்டாள்.

தை மாதம் முடிவதற்குள் ஒரு பகல் நேரத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வந்து என்னை அழைத்துப்போனார். வாசலில் கிடத்தியிருந்தார்கள். இரண்டு கால் கட்டைவிரலையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தது. எனக்கு வழக்கம்போல விரல் அங்கே போய்விட்டது. "அத அவுக்கக் கூடாது கண்ணு" என்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "எந்தம்பி பொண்டாட்டி சாமிக்கு முடிஞ்சுகூட வெச்சிருந்தாளுங்க. அந்தச் சாமிக்குக் கண்ணில்லாமப் போச்சுங்க" என்று சொன்னாள். வந்தவர்கள் அம்மாவைப் பார்த்து, இப்படி ஒரு மருமகள் யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். அம்மா தூணில் சாய்ந்து நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அழக்கூடச் சத்தில்லாமல் போய்விட்டாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். சாமிக்குக் கண் இருந்தது, முடிச்சை அவிழ்த்தது நான் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அதை நான் பத்து வயதில் போட்டுவிட்டேன். அது என் நெஞ்சில் கிடந்து இறுகியது. அதற்கப்புறம் மாட்டுக் கயிற்றைக் கொண்டுவந்து நீட்டினாலும் நகம் வலிக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

சித்திரையில் பள்ளி விடுமுறை. ஒரு காலையில் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து காரமடை ரங்கநாதர் கோயிலுக்குப் போகலாம் என்றாள். வருஷம் திரும்பாமல் கோயிலுக்குப் போகலாமா என்று அப்பா இழுத்தார். மலைக்கோயிலுக்குத்தான் போகக்கூடாது, காரமடைக்குப் போகலாம், விசாரித்துவிட்டேன் என்றாள் அம்மா. அப்பா கம்பெனிக்குக் கிளம்பிப் போனதும் அவள் சாமிப் பலகையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தாள். எலுமிச்சம்பழ அளவில் இருந்த அந்த உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"இத அவுத்துக் குடு கண்ணு."

நான் வாங்கவில்லை. கை பின்னால் போய்விட்டது. மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது மொத்தமாக வந்தது. "நாந்தாம்மா அவுத்துப் பாத்துப்போட்டேன். அதனாலதான் அப்பாரு செத்துப்போனாரு" என்று தேம்பித் தேம்பிச் சொன்னேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. மாமனார் செத்தபோது வராத அழுகை இப்போது எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"உன்னால ஒண்ணும் கெட்டுப்போகல கண்ணு. கெட்டுப்போயிருந்தா இந்தக் காசு இங்கயேதான் கெடந்திருக்கும்."

பிறகு, "அவுத்துக் குடு. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். எல்லாம் என் முடிச்சு, ஆனாலும் என் வாழ்நாளில் அவ்வளவு சிரமப்பட்டு எதையும் அவிழ்த்ததில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காரமடையில் கும்பலே இல்லை. அவள் உண்டியலுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். காசு விழுந்த சத்தம் கேட்டது. நான் எனக்குத் தெரிந்தபடி சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அம்மாவும் எனக்காக அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

பல வருஷம் அப்படியே நினைத்திருந்தேன். எனக்குக் கல்யாணமாகி, கோயமுத்தூருக்கு வந்த பிறகு, என் மாமியார் படுக்கையில் விழுந்தார். நல்ல மனுஷி. மூன்றாம் வருஷம் ஒரு மத்தியானம், துணி மாற்றிவிட்டுக் கை கழுவி வந்து, அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்து மஞ்சளில் நனைத்தேன். காசை வைத்தேன். இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு, என்ன கேட்பது என்று நின்றேன். எழுந்து நடக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாய்க்கு வந்தது வேறு. அதைச் சொல்லிவிட்டு முடிச்சுப் போட்டபோது, அம்மா மாமாவுக்காக என்று சொன்னது பொய்யில்லை என்பது தெரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு அவள் ஏன் நின்றாள் என்பதும் தெரிந்தது.

நடந்தால்தான் காசு கோயிலுக்குப் போகும் என்ற விதி எனக்குப் பத்து வயதிலேயே தெரியும், அத்தை வெற்றிலை போட்டுக்கொண்டே சொல்லிக்கொடுத்திருந்தாள். அம்மாவும் அதையே திருப்பிச் சொன்னாள். அவ்வளவு முடிச்சு அவிழ்த்தவளுக்கு இது மட்டும் அப்போது அவிழவில்லை.

அன்றைக்குக் காரமடையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். பஸ் கிளம்பியதும் அம்மா தூங்கிப்போனாள். மாட்டின் வயிற்றில் சாய்ந்து கண்ணயர்வதைத் தவிர, பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. தலை சரிந்து என் தோளில் விழுந்தது, வாய் லேசாகத் திறந்துகொண்டது. எங்கள் ஊர் நிறுத்தம் வந்தது, போனது. நான் எழுப்பவில்லை. பாவம், அப்பாரு செத்த துக்கத்தில் அசந்துவிட்டாள் என்று நினைத்து, மாடு நிற்பதுபோல அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வேண்டுதல் பலித்த ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை.